டேப்பிர் சாகிறதா, பழகவில்லையா, குட்டி போடவில்லையா: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அக்கா, நாலாவது டேப்பிரும் செத்துப்போச்சு. களஞ்சியத்தில சாப்பாடு முட்ட முட்டக் கிடக்கு. பிறகு ஏன் சாகுது?" குரல் உடைந்திருந்தது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், அதாவது குள்ளர் கூட்டம் ஒன்றுக்குக் கோட்டை கட்டி நடத்தும் கணினி ஆட்டம், விளையாடுபவர்களுக்கு இது புரியும். மாதக்கணக்கில் பொறி வைத்துப் பிடித்து, பழக்கி, பெயரும் வைத்த மிருகம் கண் முன்னே செத்துக் கிடந்தால் யாருக்கும் மனம் கனக்கும்.

அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "அது நின்ற இடத்தில் தரை என்ன நிறம்?" பழுப்பு என்றான். அதற்குமேல் எதையும் கேட்கத் தேவையே இருக்கவில்லை. டேப்பிர் விஷயத்தில் என்னிடம் வரும் பத்துக் கேள்விகளில் ஏழெட்டு இப்படித் தரையில்தான் போய் முடிகின்றன. மிருகத்தைப் பார்க்கும் முன் அதன் காலுக்குக் கீழே பாருங்கள்.

இங்கே எழுதியிருப்பது 2022 டிசம்பர் 6 அன்று ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வெளியான பதிப்புக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் பொருந்தும். பழைய இலவசப் பதிப்புகளில் விசைகளும் பட்டியல்களும் வேறு. ஆனால் மேய்ச்சல் என்ற ஏற்பாடு 2011இல் ஆட்டத்துக்குள் வந்ததிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. திரையில் எல்லாம் ஆங்கிலம் என்பதால், தேட வசதியாக அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அங்கங்கே தந்திருக்கிறேன்.

அறிகுறி: "பட்டினியால் இறந்தது" என்ற அறிவிப்பு வருகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்றவை சின்னச் சின்னச் சிக்கல்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நிஜ டேப்பிர் மழைக்காட்டு மிருகம். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. சிறிய தும்பிக்கை போல நீண்ட மூக்கால் இலையையும் தளிரையும் வளைத்துப் பறிக்கும், விழுந்த பழங்களைத் தின்னும். அதனால் "காட்டுக்குள் விட்டால் தானே பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்துவிடுகிறோம். ஆட்டத்தில் அப்படி இல்லை. அங்கே டேப்பிர் ஒரு மேய்ச்சல் மிருகம். மாடு, குதிரை, எருமை மாதிரிப் புல் மட்டும்தான் அதன் சாப்பாடு. மரத்து இலையும் தரையில் கிடக்கும் பழமும் அதன் பசியை ஆற்றாது. உங்கள் களஞ்சியத்தில் ஆயிரம் காளான் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான், ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு ஆறுதல்: தண்ணீர் வைக்க வேண்டியதில்லை. ஆட்டத்தில் வளர்ப்பு மிருகங்களுக்குத் தாகம் கிடையாது.

புல்லிலும் அது வகை பார்க்காது. பாண்டா மூங்கில் இல்லாமல் வாழாது. டேப்பிருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை, எந்தப் புல்லும் சரி.

இப்போது அது எங்கே இருந்தபடி செத்தது என்று பாருங்கள். இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும்.

*கூண்டுக்குள் செத்தது.* புதியவர்கள் மிகவும் குழம்பிப்போகும் இடம் இது. காட்டு நிலையில் கூண்டில் கிடக்கும் டேப்பிர் நாள்கணக்கில் அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துவிட்டு, பழக்கிய பிறகும் "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று கூண்டிலேயே விட்டுவிடுகிறோம். பழகிவிட்டால் அது உங்கள் மந்தையில் ஒன்று. அதற்குப் பசி எடுக்கும், கூண்டுக்குள் புல் முளைக்காது. ஆகவே பழக்கம் முடிந்த உடனேயே மேய்ச்சல் வலயத்துக்கு மாற்றிவிடுங்கள். திரையில் "பென்/பாஸ்ச்சர்" என்று இருப்பதுதான் அந்த வலயம். இசட் விசையை அழுத்தி, இடத்தை வரைந்து, பிறகு அந்த வலயத்தைச் சொடுக்கினால் மிருகங்களை ஒதுக்கும் பொத்தான் தெரியும். பட்டியலில் டேப்பிரைத் தெரிவு செய்தால் போதும், ஒரு குள்ளர் வந்து கூண்டைத் திறந்து அழைத்துப்போவார்.

ஆட்டத்தில் வரும் எல்ஃப் என்ற காட்டு இனத்து வணிகர்களிடம் வாங்கியதும் இதே கதைதான். வசந்த காலத்தில் அவர்கள் கொண்டுவரும் மிருகங்கள் ஏற்கெனவே பழகியவை, கூண்டோடுதான் கைமாறும். என் பழைய கோட்டை ஒன்றில் இரண்டு டேப்பிர்களை இப்படி வாங்கினேன். பேரம் முடிந்த சந்தோஷத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். வெள்ளவத்தையில் அன்று மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது, ஆட்டத்தை இரண்டு தடவை மூடித் திறந்தேன். அந்த இடைவெளியில் கூண்டுகள் களஞ்சியத்தின் மூலையில் போய்ச் சேர்ந்துவிட்டன. மறுபடி நினைவு வந்து தேடியபோது ஒன்று செத்திருந்தது, மற்றதன் மேல் பசி அடையாளம். அன்றிலிருந்து வணிகர்கள் கிளம்பும் முன்பே மிருகங்களுக்கு வலயம் ஒதுக்கிவிடுகிறேன். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்ஃப்களிடம் மரப் பொருளைப் பண்டமாற்றுக்கு நீட்டாதீர்கள். மரப்பீப்பாய்க்குள் இருக்கும் சரக்கும் அதில் சேரும். மனம் புண்பட்டு வியாபாரத்தையே முறித்துக்கொள்வார்கள், நீங்கள் கண் வைத்த டேப்பிரும் அவர்களோடு திரும்பிப் போய்விடும்.

*வலயத்துக்குள் செத்தது, தரை பழுப்பாக இருக்கிறது.* புல் தீர்ந்துவிட்டது. புல் திரும்ப முளைக்கும், ஆனால் தின்னும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பெரிய உடம்புள்ள மிருகம் அடிக்கடி மேயும் என்பதுதான் ஆட்டத்தின் கணக்கு. ஆட்டுக்குப் போதுமாக இருந்த வலயம் டேப்பிருக்குப் போதாது. டேப்பிருக்குப் போதுமானது யானைக்குக் காணாது.

அடுத்ததாக, மிதிபடுதல். இது என் சொந்த அனுபவம். கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே மேய்ச்சல் வைத்தால் கண்காணிக்க வசதி என்று நினைத்தேன். காலி முகத்திடலில் மாலையில் போய் நின்று பாருங்கள். ஆட்கள் கூடும் பக்கத்தில் புல் தேய்ந்து மண் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால் பச்சை இருக்கும். என் கோட்டை வாசலும் அப்படித்தான் ஆனது. மரம் வெட்டப் போகிறவர், மூலிகை பறிக்கப் போகிறவர், கல் சுமக்கிறவர் எல்லோரும் வலயத்தின் நடுவால்தான் போனார்கள். படத்தை நெருக்கிப் பார்த்தபோது நடுவே ஒரு பழுப்புக் கோடு, வாசலிலிருந்து மரக்கிடங்கு வரை நேராக ஓடியது. இரண்டு பக்கமும் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம். ஐந்து டேப்பிர் அந்த மிச்சத்தில் நின்றன.

அதனால் வலயத்தை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். தேவைக்கு மேலேயே பெரிதாக வரையுங்கள், இட நெருக்கடி இல்லாத ஆட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்தால் இரண்டு வலயம் வைத்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். ஒன்றில் புல் மெலிவதைக் கண்டால், முழுப் பழுப்பாகும்வரை காத்திராமல் மற்றதற்கு மாற்றிவிடுங்கள். ஊரில் மாட்டைக் கட்டும் முளையை இடம் மாற்றி அடித்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

*வலயம் பச்சையாகத் தெரிகிறது, ஆனாலும் செத்தது.* நெருக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பச்சை மர உச்சியின் பச்சையாக இருக்கும். மழைக்காட்டுக் கோட்டைகளில் இந்த ஏமாற்றம் அதிகம். சிங்கராஜாவுக்குள் நடந்தவர்களுக்கு அடர்காட்டின் அடித்தரை எப்படி இருக்கும் என்று தெரியும்: சருகு, வேர், ஈரம், அட்டை. அங்கே புல்லைத் தேட வேண்டும். ஆட்டத்தில் மரத்தடியில் புல் தாராளமாகவே இருக்கிறது, அது நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் அடிமரம் நிற்கும் கட்டத்தில் புல் கிடையாது. மரம் நெருங்கி நிற்கும் இடத்தில் நூறு கட்டம் வரைந்தாலும் மேயக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஒரு தளம் கீழே இறங்கி, தரை மட்டத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் கட்டிய தளம், கல் பதித்த பாதை, வயல், கூழாங்கல் தரை, இவற்றில் எதுவும் முளைக்காது. வலயத்துக்குள் இவை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

*வலயம் சரி, புல்லும் சரி, மிருகம் அங்கே போகவேயில்லை.* ஒதுக்கியது நீங்கள், அழைத்துப்போக வேண்டியவர் ஒரு குள்ளர். பாதை அடைபட்டிருந்தாலோ, மிருகங்களை இட்டுச்செல்லும் வேலை யாருக்கும் இல்லாமல் இருந்தாலோ, எல்லோரும் வேறு சுமையில் மூழ்கியிருந்தாலோ ஒதுக்கீடு பட்டியலில் மட்டும்தான் இருக்கும். யூ விசையை அழுத்தி மிருகப் பட்டியலைத் திறந்து, டேப்பிர் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இத்தனைக்கும் நிலையான ஒரு தீர்வு உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: நிலத்தடி மேய்ச்சல். கீழே தோண்டி முதல் பெருங்குகையைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு உங்கள் மண் தளங்களிலும் குகைப்பாசியும் தரைப்பூஞ்சையும் தானாகப் பரவும். டேப்பிர் இரண்டையும் புல் போலவே மேயும். குகையை எட்டிப் பார்த்தவுடன் அந்த ஓட்டையைச் சுவர் வைத்து அடைத்துவிடலாம், உள்ளே இருப்பவை மேலே வர வேண்டாம். அடைத்த பிறகும் பாசி வளரும். மண் அடுக்கில் ஒரு பெரிய அறை வெட்டி விட்டுவிடுங்கள். பாறை அடுக்கில் வெட்டினால் தண்ணீர் பாய்ச்சிச் சேறு படிய வைத்தால்தான் முளைக்கும். மண்ணில் அந்தத் தொல்லை இல்லை. முற்றுகை வந்து வாசலை மூடினாலும் உங்கள் மந்தை உள்ளேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: பொறி வைத்தும் ஒன்றும் விழவில்லை

முதல் சந்தேகம் இடம். காட்டு டேப்பிர் வெப்பமண்டல ஈர அகலிலைக் காட்டில் திரிவது. கோட்டை போடும்போது நீங்கள் தேர்ந்த நிலம் வேறு வகை என்றால், எத்தனை பொறி வைத்தும் பயனில்லை. அப்போது எல்ஃப்கள்தான் ஒரே வழி. மழைக்காட்டு நிலமாகவே இருந்தாலும் அங்குள்ள மிருகங்களுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு, அது வற்றாத ஊற்று அல்ல. அளவில்லாமல் கொன்றும் பிடித்தும் வந்தால் வரத்து நின்றுபோகும்.

இரண்டாவது, வேட்டைக்காரர். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டேப்பிர் வரைபட ஓரத்தில் தலைகாட்டியதும் உங்கள் சொந்த வேட்டைக்காரரே வில்லோடு ஓடிப்போய்க் கொன்றுவிடுவார். பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்த காலத்துக்கு வேட்டை வேலையை நிறுத்திவையுங்கள்.

பிறகு பொறியையே பாருங்கள். கூண்டுப் பொறிக்கு ஒரு பொறிமுறைப் பாகமும் ஒரு கூண்டும் வேண்டும். கூண்டு ஏற்றாத பொறி வெறும் கல். ஒரு முறை எதையாவது பிடித்த பொறி, அந்தக் கூண்டை அகற்றிப் புதியதை வைக்கும்வரை வேலை செய்யாது. கூண்டை அகற்ற மிருகக் களஞ்சியம் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிபட்ட குரங்கு மாதக்கணக்கில் பொறியிலேயே கிடக்க, டேப்பிர் அதன்மேல் நடந்து போகும். தச்சுப்பட்டறையில் பத்துக் கூண்டு கூடுதலாகச் செய்து வைத்துவிடுங்கள், மழைக்காட்டில் மரத்துக்கா பஞ்சம்?

எங்கே வைப்பது என்றால், திறந்த வெளியில் தூவுவதைவிட ஒடுக்கமான வழியில் வரிசையாக வைப்பது நல்லது. ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே இருக்கும் குறுகல், சரிவுப் பாதையின் வாய், இப்படி.

அறிகுறி: கூண்டில் இருக்கிறது, பழக்க யாரும் வருவதில்லை

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

பழக்கும் வலயம் இல்லை. மேய்ச்சல் வலயம் வேறு, "அனிமல் ட்ரெய்னிங்" வலயம் வேறு. சின்னதாக ஒன்றாவது வரைந்திருக்க வேண்டும்.

பழக்கும்படி சொல்லவில்லை. யூ விசையில் வளர்ப்பு மிருகங்கள் பக்கம் போய், டேப்பிர் பெயருக்கு எதிரே பழக்கும் அடையாளத்தை அழுத்த வேண்டும். அங்கேயே யார் பழக்க வேண்டும் என்றும் கேட்கும். "யாராவது" என்று விடாமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். யாராவது என்று விட்டால் கைப்பழக்கம் இல்லாத பத்துப் பேர் மாறி மாறி வருவார்கள், ஒருவருக்கும் திறமை ஏறாது. ஒரே ஆளாக இருந்தால் அவர் நாளடைவில் தேர்ந்தவராகிவிடுவார், பழக்கத்தின் தரமும் கூடும்.

மூன்றாவது காரணம் உணவு. பழக்குபவர் கையில் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துத்தான் மிருகத்தை வசப்படுத்துவார். ஊனுண்ணிக்கு இறைச்சியோ மீனோ, டேப்பிர் போன்றவற்றுக்குத் தாவரம். இதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை: களஞ்சியத்தில் சமைத்த சாப்பாடு மலையாகக் குவிந்திருக்கும், சமைக்காத தாவரம் ஒன்றுகூட இருக்காது. மது வடிப்பவர் பாதியை எடுத்துவிடுவார், சமையல்காரர் மீதியை எடுத்துவிடுவார். சமையலறைப் பட்டியலில் ஏதாவது ஒரு தாவரத்துக்கு மட்டும் சமையலையும் வடித்தலையும் தடை செய்து வையுங்கள். மறுநாளே பழக்குபவர் கூண்டுப் பக்கம் போவதைக் காண்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழக்காத டேப்பிரை அவசரப்பட்டு மேய்ச்சல் வலயத்துக்கு ஒதுக்காதீர்கள். குள்ளர் கூண்டைத் திறந்ததும் அது கை நழுவி ஓடிவிடும். முதல் பாடம் கூண்டுக்குள்ளேயே முடியட்டும்.

அறிகுறி: பழகியது திரும்பக் காட்டுத்தனமாகிவிட்டது

இது உங்கள் பிழை என்று நினைக்க வேண்டாம். காட்டில் பிடித்த மிருகம் முழுமையாக வசப்படுவது இல்லை. பழக்கம் அதன்மேல் ஒரு பூச்சு மாதிரி, நாள் போகப் போகத் தேயும். தேய்ந்து அரைக்காடு நிலைக்கு வந்து, கவனிக்காவிட்டால் முழுக் காடாகிவிடும். அந்த நேரத்தில் அது மந்தைக்கு நடுவே நின்றால் ஆபத்து, பக்கத்தில் வேலை செய்யும் குள்ளருக்கும்தான்.

ஆகவே பழக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டு எடுத்துவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். பழக்கம் குறையும்போது பழக்குபவர் தானே திரும்ப வருவார். அவரை வேறு வேலைகளில் போட்டு அலைக்கழிக்காதீர்கள். வேலைப் பட்டியலில் மிருகம் பழக்குவதற்கென்று தனியாக ஒரு பிரிவு உருவாக்கி, அதில் அவரை மட்டும் சேர்த்துவிட்டால் நிம்மதி.

உங்கள் குடிக்கு டேப்பிரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதும் கணக்கில் சேர்கிறது. முதல் டேப்பிரைப் பழக்கும்போது ஒன்றும் தெரியாத நிலை. பழக்கப் பழக அறிவு படிப்படியாக ஏறும், பிறகு வருபவை நீண்ட நாள் பழக்கத்தில் நிற்கும். முதல் இரண்டு மூன்று மிருகங்கள் பழக்கத்தை வேகமாக இழப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

உண்மையான தீர்வு குட்டியில் இருக்கிறது. உங்கள் மந்தையில் பிறந்த குட்டியை, அது வளர்ந்து பெரிதாகும் முன்பே பழக்கிவிட்டால், அது முழுமையாக உங்களுடையது. பிறகு தேய்வது கிடையாது. எனவே குட்டி பிறந்த அறிவிப்பு வந்த அதே நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குட்டியின் பெயருக்கு எதிரே பழக்கும் அடையாளத்தை அழுத்துங்கள். நான் இதை ஒரு தடவை "பிறகு பார்க்கலாம்" என்று விட்டேன். குட்டி வளர்ந்துவிட்டது, அந்த வாய்ப்பும் போய்விட்டது.

அறிகுறி: ஆணும் பெண்ணும் இருந்தும் குட்டி இல்லை

இரண்டும் கூண்டுக்கு வெளியே, ஒரே வலயத்தில், வளர்ந்த நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஆண் காயடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அடையாளம் தவறி அழுத்துப்பட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்த இணைக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். ஆட்டத்தில் ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனி நாட்டம் உண்டு. சிலவற்றுக்கு இணை சேர்வதில் ஈடுபாடே இருக்காது. அதை மாற்ற வழியில்லை, இன்னொன்றைப் பிடிக்க வேண்டியதுதான். ஒரு ஆண், ஒரு பெண் என்று ஒரே சோடியை நம்பி இருக்காமல் இரண்டு மூன்று பெண்ணாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜ டேப்பிர் குட்டியை வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். பிறக்கும் குட்டியின் உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும், காட்டுக்குள் வெயில் சிந்தியது போல. அதை நினைத்துப் பார்த்தால் ஆட்டத்தில் காத்திருப்பது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

அறிகுறி: வலயத்துக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன

நெருக்கடி. சின்ன வலயத்தில் நிறைய மிருகத்தை அடைத்தால் சண்டை வரும், காயத்தில் சாகவும் செய்யும். மேய்கிற மாட்டை நக்குகிற மாடு கெடுத்த கதையாக, ஒன்று தொடங்கினால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்துகொள்ளும். வலயத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது இரண்டாகப் பிரியுங்கள். புல் பிரச்சினைக்குச் சொன்ன அதே மருந்து.

அறிகுறி: இறைச்சிக்குக் குறிக்க முடியவில்லை

யாரோ ஒரு குள்ளர் அதைச் செல்லப் பிராணியாகத் தத்தெடுத்துவிட்டார். தத்தெடுத்த மிருகத்தை அறுக்க முடியாது, அது செத்தால் அவர் மனம் உடைந்தும் போவார். மந்தைக்கென்று வளர்ப்பவற்றில் "தத்துக்குக் கிடைக்கும்" என்ற குறியை எடுத்துவிட்டு வையுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிடலாம். கல் வெட்டிக் களைத்து வரும் ஒருவருக்குப் பின்னால் ஒரு டேப்பிர் மெதுவாக நடந்துபோவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அறிகுறி: ஆட்டம் மந்தமாகிவிட்டது

மிருகம் கூடக் கூடக் கணினிக்கு வேலை கூடும். மந்தையைக் குறையுங்கள். கையால் எண்ணிக் குறைக்கப் பிடிக்காவிட்டால், டிஎஃப்ஹேக் என்ற துணைக்கருவியில் ஆட்டோபுட்சர் என்று ஒரு வசதி இருக்கிறது. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை குட்டி என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை அதுவே அறுப்புக்குக் குறித்துவிடும். டேப்பிர் போல அரிதான இனத்துக்கு இதைப் போடும் முன் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபாருங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பியின் கோட்டைக்கு வருகிறேன். அவனிடம் அப்போது மிச்சம் இருந்தவை ஒரு ஆணும் ஒரு பெண்ணும். இரண்டின் மேலும் பசி அடையாளம். அழைப்பைத் துண்டிக்காமலே, ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு வேலை செய்தோம். ஆற்றின் மறுகரையில் யாரும் நடக்காத ஒரு புல்வெளி இருந்தது. அங்கே அகலமாக ஒரு வலயம் வரைந்தான். இரண்டையும் ஒதுக்கினான். பழைய வலயத்தை அழித்தான், இல்லாவிட்டால் எதற்குப் போவது என்று குழப்பம் வரும். ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கவில்லை. ஒற்றைக் கட்ட அகலத்தில் ஒரு பாலத்தைப் போடச் சொன்னேன்.

பிறகு ஓட விட்டான். ஒரு குள்ளர் பெண் டேப்பிரைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன். கொஞ்ச நேரம் அவனிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அது நின்ற கட்டத்தில் புல் குறையுது. தின்னுது."

ஆணை யாரும் இன்னும் கூட்டிப்போகவில்லை. மிருகம் இட்டுச்செல்லும் வேலையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கச் சொன்னேன்.